ஒரே பக்கம் சாயும் கணக்கு

சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றின் கல் ஒன்றைப் புதிதாக உடைத்து, அதன் உள்முகத்தைக் காட்டி, இதில் கருப்புக் கனிமம் எத்தனை சதவீதம் என்று கேட்டால், முதன்முறை பார்ப்பவர் பாதிக்குப் பாதி என்று தயங்காமல் சொல்லிவிடுவார். கல்லே கரும்பச்சையாக, எண்ணெய்ப்பசை மினுமினுப்போடு இருக்கும். ஆனால் அதே கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து மென்சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், பெரும்பகுதி நிறமின்றி ஒளியை உள்ளே விடுகிறது. அது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கிரானைட்டிலும் அவைதான் இருக்கின்றன. உண்மையிலேயே கருநிறமான ஹைப்பர்ஸ்தீனும் இரும்புத் தாதுவும் ஆங்காங்கே சிறு துணுக்குகளாக மட்டும் தெரியும். கல்லைக் கருப்பாகக் காட்டியது, வழக்கத்துக்கு மாறாக இருண்ட நிறம் கொண்டிருந்த ஃபெல்ட்ஸ்பாரும் நீலச் சாயல் படிந்த குவார்ட்ஸும்தான். இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்து, 1900-இல் விரிவாக எழுதியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து. கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருப்பதும் சென்னைப் பகுதியிலிருந்து போன இந்தக் கல்தான்.

ஒளிவு மறைவில்லாத வெள்ளைக் கிரானைட்டிலும் கண் இப்படித்தான் தடுமாறுகிறது. வெள்ளைப் பின்புலத்தில் சிதறிக் கிடக்கும் கருந்துணுக்குகளைக் கண்ணால் மதிப்பிடச் சொன்னால், பயிற்சி இல்லாதவர்கள் பெரும்பாலும் உள்ளதைவிடக் கூடுதலாகவே சொல்கிறார்கள். எடுப்பாகத் தெரிவது மனத்தில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. துணுக்குகள் பொடிப்பொடியாக இருந்தால் எண்ணிக்கையே பரப்பளவாகத் தோன்றிவிடுகிறது. பாறையும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. குவார்ட்ஸ் ஒளி ஊடுருவும் பொருள் என்பதால், பரப்புக்குச் சற்றுக் கீழே புதைந்திருக்கும் கருந்துணுக்கின் முழு அகலமும் மேலே தெரிகிறது. மென்சீவலிலும் இந்தக் கோளாறு உண்டு. அங்கே இதற்கு ஹோம்ஸ் விளைவு என்று பெயர். பாறைகளின் வயதைக் கணக்கிடுவதில் முன்னோடியான ஆர்தர் ஹோம்ஸ்தான் இதைச் சுட்டிக்காட்டியவர்.

இரண்டு சதவீதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தோன்றலாம். உலக அளவில் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டில், வெளிர்நிறக் கனிமங்களில் குவார்ட்ஸின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஒரு பாறையைக் கிரானைட் என்று அழைக்கலாம். 18 என்று மதிப்பிட்டவரும் 22 என்று மதிப்பிட்டவரும் ஒரே குன்றுக்கு இரண்டு பெயர் எழுதிவிடுவார்கள். சுரங்கத்தில் இது பணம். சால்கோபைரைட் என்ற தாதுவின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் தாமிரம். ஆழ்துளையிலிருந்து எடுத்த கல்லுருளையில் அந்தப் பித்தளை நிறப் பொட்டுகள் எடையில் 3 சதவீதம் என்றால் தாமிரம் ஏறத்தாழ 1 சதவீதம். இன்று தோண்டப்படும் பல தாமிரச் சுரங்கங்களில் அவ்வளவுகூட இல்லை. அங்கே கல்லுருளையைப் பார்த்தவுடன் சொல்லும் ஒரு எண்ணை நம்பித்தான் அடுத்த துளையை எங்கே போடுவது என்ற பேச்சு தொடங்குகிறது.

இதற்காகவே ஒப்பீட்டுப் படங்கள் உருவாகின. ரஷ்ய நிலவியலாளர் ஷ்வெட்சோவ் வரைந்தவற்றை டெர்ரியும் சிலிங்கரும் 1955-இல் ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். 1 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை கருப்பு நிரம்பிய சதுரங்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு சதுரத்தையும் நான்காகப் பிரித்து, ஒன்றில் பெரிய துண்டுகள், ஒன்றில் பொடிகள் என்று வெவ்வேறாக நிரப்பியிருப்பார்கள். நான்கு கால்வாசிகளிலும் கருப்பின் அளவு மட்டும் ஒன்றே. முதன்முறை பார்க்கும்போது நம்பவே முடியாது. எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு 10 சதவீதக் கட்டத்தைப் பார்த்தால் மனம் இருபதுக்குப் போய்விடும். இதைக் களத்துக்கு எடுத்துச் சென்று கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம், மண்ணியல் ஆய்வாளர்களிடமும் இன்று வரை இருக்கிறது.

ஆய்வகத்தில் இருப்பவர்கள் மதிப்பிடுவதை விட்டுவிட்டு எண்ணவே தொடங்கினார்கள். வெட்டுமுகத்தில் ஒரு கனிமம் பிடிக்கும் பரப்பின் பங்குதான் பாறை முழுவதிலும் அதன் கன அளவின் பங்கு என்று பிரெஞ்சுக்காரர் டெலெஸ் 1847-லேயே காட்டியிருந்தார். பரப்பை அளப்பதற்குப் பதில் கோடுகளை அளந்தால் போதும் என்றார் ரோசிவால், 1898-இல். கோடும் வேண்டாம், புள்ளிகளே போதும் என்றார் கிளாகோலெவ், 1933-இல். அமெரிக்காவின் ஃபெலிக்ஸ் சேயெஸ் 1949-இல் அதற்கு ஒரு எளிய கருவியைச் செய்தார். கண்ணாடித் தகடு குறிப்பிட்ட தூரம் நகரும், குறுக்குக்கம்பிக்குக் கீழே என்ன கனிமம் என்று பார்த்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், மறுபடி நகரும். ஆயிரம் முறை. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் எவ்வளவு என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை. இது என்ன என்ற தீர்ப்பு மட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் மனிதருடையதாகவே மீந்திருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிழை இரண்டு வகை. ஒருவர் கூட்டிச் சொல்ல, இன்னொருவர் குறைத்துச் சொல்ல, சராசரியில் இரண்டும் கழிந்துபோவது ஒரு வகை. எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது மற்றொன்று. ஒரு தட்டு கனத்த தராசில் நூறு முறை நிறுத்தாலும் நூறு முறையும் அதே பக்கம்தான் தவறும். சராசரி எடுத்தால் அந்தத் தவறு இன்னும் உறுதிப்படும், அவ்வளவுதான். நிலவியலில் நம்மைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவது வகை. ஆனால் அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஒரே பக்கம் சாய்வது எவ்வளவு சாய்கிறது என்று அளந்துவிடலாம். அளந்தால் திருத்தலாம்.

மலைச்சரிவைக் கண்ணால் மதிப்பிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ப்ராஃபிட் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 5 பாகைச் சரிவின் அடியில் நின்றவர்கள் சராசரியாக 20 பாகை என்றார்கள்; 10 பாகைச் சரிவை 30 என்றார்கள். ஆனால் அந்தச் சரிவுக்கு ஏற்ப, பார்க்காமல் உள்ளங்கையால் ஒரு பலகையைச் சாய்க்கச் சொன்னபோது கை ஏறக்குறையச் சரியாகச் சாய்த்தது. அவர்களின் கண்ணும் வாயும் சொன்னதைவிடக் கை உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. நிலவியல் மாணவர் சரிவுமானியைப் பையிலிருந்து எடுக்கச் சோம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சாய்வு எப்போதும் மனத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதுமில்லை. ரூத் டெர்சாகி 1965-இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். அணைக்கோ சுரங்கப்பாதைக்கோ இடம் பார்க்கச் செங்குத்தாக ஆழ்துளை போடுகிறோம். படுக்கையாக ஓடும் பிளவுகள் எல்லாவற்றையும் அந்தத் துளை வெட்டிக்கொண்டு போகும். துளைக்கு இணையாக, செங்குத்தாக ஓடும் பிளவுகளோ அதன் இரு பக்கமும் நிறைய இருந்தாலும் அதில் சிக்காது. எடுத்த கல்லுருளைகளைப் பார்த்துவிட்டு, இங்கே செங்குத்துப் பிளவுகளே இல்லை என்று எழுதினால், எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் நிலம் அப்படி இல்லை. டெர்சாகி தந்த மருந்து, பிளவுக்கும் துளைக்கும் இடையிலான கோணத்தின் சைன் மதிப்பால் எண்ணிக்கையை வகுப்பது. கோணம் 30 பாகை என்றால் சைன் அரை. கண்ட ஒவ்வொரு பிளவையும் இரண்டாகக் கணக்கிட வேண்டும். கோணம் பூஜ்யத்தை நெருங்கும்போது இந்தத் திருத்தமும் கைகொடுக்காது. அப்போது வேறு திசையில் இன்னொரு துளை போடுவதைத் தவிர வழியில்லை.

எண்ணிக்கையும் கோணமும் இப்படித் திருத்தத்துக்கு வசப்படுகின்றன. பிறர் சொன்ன எண்ணும் நாம் நம்பும் கதையும் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை.

பூமியின் வயது பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு வாதம் இதற்கு நல்ல சாட்சி. டார்வின் 1859-இல் தன் நூலில், தென் இங்கிலாந்தின் வீல்ட் பகுதியைக் கடல் அரித்து முடிக்க சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று எழுதினார். 500 அடி உயரப் பாறைமுகம் நூறாண்டுக்கு ஓர் அங்குலம் தேயும் என்பது அவருடைய ஊகம். ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் பிலிப்ஸ் அதை மறுத்து, கங்கை ஆண்டுதோறும் சுமந்து செல்லும் வண்டலை வைத்து 1860-இல் வேறொரு கணக்குப் போட்டார். உலகின் படிவப் பாறைகள் முழுவதும் படிய ஏறத்தாழ 9.6 கோடி ஆண்டுகள் என்று அவருக்கு விடை வந்தது. இரண்டே ஆண்டுகளில் இயற்பியலாளர் கெல்வின், பூமி குளிர்ந்த வேகத்தை வைத்து 9.8 கோடி என்றார். தன் கணக்கு 2 கோடியிலிருந்து 40 கோடி வரை எங்கும் இருக்கலாம் என்று அவரே எழுதியிருந்தும், மற்றவர்கள் மனத்தில் நின்றது நடுவிலிருந்த பத்துக் கோடிதான். அதன்பின் நிலவியலாளர்கள் பலர் படிவின் தடிமனையும் படியும் வேகத்தையும் தாங்களாகவே மதிப்பிட்டு வகுத்தபோது, விடைகள் பத்துக் கோடிக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தன. தடிமனும் ஊகம், வேகமும் ஊகம். இரண்டில் எதைச் சற்று நகர்த்தினாலும் வேண்டிய எண் வரும். யாரும் ஏமாற்றவில்லை. விடை எதிர்பார்த்த இடத்துக்கு வந்தவுடன் கணக்கை நிறுத்திவிட்டார்கள். கதிரியக்கம் கையில் வந்த பிறகு, 1956-இல் கிளேர் பாட்டர்சன் உறுதிசெய்த வயது சுமார் 455 கோடி ஆண்டுகள்.

இன்றைய நிபுணர்கள் இதிலிருந்து விடுபட்டுவிட்டார்களா என்று கிளேர் பாண்டும் சக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்தச் சோதனையின் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. நிலத்துக்குள் அதிர்வலைகளை அனுப்பி எடுக்கும் அதிர்வுப் படங்களில் சரியான விடை என்னவென்று யாருக்கும் தெரியாது; ஆகவே யார் தவறினார்கள் என்றும் சொல்ல முடியாது. எனவே அவர்கள் கணினியில் தாங்களே ஒரு நிலத்தைக் கட்டினார்கள். அதை முதலில் இழுத்து விரித்து, பிளவுகள் உண்டாக்கி, மேலே வண்டல் படியவிட்டு, பிறகு நெருக்கி, மாதிரியிலிருந்து ஒரு செயற்கை அதிர்வுப் படத்தை உருவாக்கினார்கள். மாநாடுகளிலும் நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தாளையும் பென்சிலையும் கொடுத்து, இதில் நீங்கள் காண்பதை வரையுங்கள் என்றார்கள். 412 பேர் வரைந்து கொடுத்தார்கள்.

நில அமைப்பின் வகையைச் சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம். மூன்று முக்கியப் பிளவுகளையும் அடையாளம் கண்டவர்கள் 23 சதவீதம். மற்றவர்கள் வரைந்தவற்றில் இழுவையால் சரிந்த நிலம் இருந்தது, நெருக்கத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பாறை இருந்தது, பக்கவாட்டில் நழுவிய பிளவு இருந்தது, அடியிலிருந்து மேலெழும்பிய உப்புக் குவியலும் இருந்தது. பழகிய நிலத்தின் அமைப்பையே புதிய படத்திலும் காண்பதற்கு முன்னனுபவமே காரணமாகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீண்டகால அனுபவம் மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. தேறியவர்களிடம் இருந்தது வேறொரு பழக்கம். இந்தப் படுகை எந்த வரிசையில் இப்படி ஆகியிருக்கும், நான் வரைந்ததைப் பின்னோக்கி விரித்தால் மறுபடி தட்டையான படுகை கிடைக்குமா என்று அவர்கள் தங்கள் கோடுகளையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எவ்வளவு கேள்வி கேட்டாலும் சில சமயம் போதாது. அதைக் காட்டும் கதை அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் அகலமும் 170 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் அங்கே உண்டு. சுற்றிலும் விண்ணிலிருந்து விழுந்த இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. 1891-இல் இந்தச் செய்தி அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமை நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட்டின் காதுக்கு எட்டியது. அவர் தன் காலத்தின் மிகத் தெளிந்த மூளைகளில் ஒன்று. ஒரு விளக்கத்தோடு மட்டும் களத்துக்குப் போகக்கூடாது, போட்டி விளக்கங்களையும் கொண்டுபோய் அவற்றைப் பிரிக்கக்கூடிய அளவீட்டைத் தேட வேண்டும் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்.

அவர் அப்படியே செய்தார். விளக்கம் ஒன்று: பெரிய இரும்பு விண்கல் மோதியது. விளக்கம் இரண்டு: பூமிக்கடியில் நீராவி வெடித்தது. விண்கல் உள்ளே புதைந்திருந்தால், அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எனவே விளிம்பில் குவிந்திருக்கும் பாறையின் கன அளவு பள்ளத்தின் வெற்றிடத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அவ்வளவு இரும்பு கீழே இருந்தால் காந்த ஊசியும் விலக வேண்டும். எவ்வளவு அழகான சோதனைகள்! கவனமாக நில அளவை செய்து கணக்கிட்டார்கள். பள்ளம் 8.2 கோடி கன கஜம். விளிம்பும் 8.2 கோடி கன கஜம். காந்த ஊசி அசையவில்லை. கில்பர்ட் நீராவி வெடிப்பு என்று முடிவெடுத்தார். சுற்றியிருந்த விண்ணிரும்பு தற்செயலாக அங்கே விழுந்தது என்று கொள்ள வேண்டியதாயிற்று. பக்கத்திலேயே எரிமலைகள் நிறைந்த நிலம் இருந்ததும் அந்த முடிவை இயல்பாகக் காட்டியது. இதே கில்பர்ட் அடுத்த ஆண்டு தொலைநோக்கியில் நிலவைக் கூர்ந்து பார்த்து, அங்குள்ள பள்ளங்கள் மோதலால் ஆனவை என்று வாதிட்டார் என்பதுதான் வியப்பு. நிலவில் ஒப்புக்கொண்டதை அரிசோனாவில் அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அரிசோனாவில் அவரிடம் அளவீடு இருந்தது.

பிலடெல்ஃபியாவின் சுரங்கப் பொறியாளர் டேனியல் பாரிங்கர் எதிர்ப்பக்கத்தில் நின்றார். மோதல்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். 1903-இல் நிறுவனம் தொடங்கி, அடியில் பெருமளவு இரும்பு கிடக்கிறது என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் துளையிட்டுக்கொண்டே இருந்தார். இரும்பு கிடைக்கவில்லை. நடுவில் இல்லையென்றால் தெற்கு விளிம்புக்கு அடியில் இருக்கும் என்று துளை இடம் மாறியதே தவிர, நம்பிக்கை மாறவில்லை. 1929-இல் வானியலாளர் மௌல்ட்டன் கணக்கிட்டுச் சொன்னார்: விண்கல்லின் நிறை 3 லட்சம் டன்தான் இருக்கும், அதுவும் மோதலில் பெரும்பாலும் ஆவியாகிப்போயிருக்கும். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் பாரிங்கர் மாரடைப்பால் இறந்தார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது. ஒருவர் மோதல் இல்லை என்றார், இன்னொருவர் உண்டு என்றார். ஆனால் விழுந்திருந்தால் அது உள்ளே இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் பொருள் மோதும்போது தானே வெடித்துச் சிதறும் என்பதை அந்தத் தலைமுறையில் அநேகமாக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கில்பர்ட்டின் இரண்டு சோதனைகளும் அந்த ஒரே எண்ணத்தின் மேல்தான் நின்றன. அதனால் இரண்டும் ஒரே பதிலைச் சொன்னதில் கூடுதல் உறுதி ஒன்றும் இல்லை. 1960-இல் யூஜீன் ஷூமேக்கரும் சக ஆய்வாளர்களும் அந்தப் பள்ளத்தின் பாறையில் கோயசைட்டைக் கண்டார்கள். கடும் அழுத்தத்தில் மட்டுமே குவார்ட்ஸ் எடுக்கும் வடிவம் அது. நீராவி வெடிப்பால் அந்த அழுத்தத்தைத் தர முடியாது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் சுமார் 50 மீட்டர் குறுக்களவுள்ள இரும்பு விண்கல் அங்கே மோதியது என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. கில்பர்ட்டின் மேல் என் மதிப்பு இதனால் குறையவில்லை. எந்த ஊகத்தின் மேல் எந்தச் சோதனையைக் கட்டினேன் என்று 1896-இல் படிப்படியாக எழுதி வைத்தார். எந்தப் படியில் இடறினார் என்பதை நூறாண்டு கழித்தும் நம்மால் விரல் வைத்துக் காட்ட முடிவது அதனால்தான்.

நிலவியலாளர் சேம்பர்லின் 1890-இல், ஒரே கோட்பாட்டைச் சுமப்பவருக்கு அதன்மேல் பெற்றோரின் பாசம் வந்துவிடும் என்று எச்சரித்து, பல விளக்கங்களை ஒரே நேரத்தில் வளர்க்கச் சொன்னார். எண்ணெய் நிறுவனப் பொறியாளர் கேப்பன் 1976-இல் வேறொரு குறையைக் காட்டினார். விடை 90 சதவீதம் நிச்சயமாக அடங்கும் எல்லைகளைக் கொடுங்கள் என்று தொழில்முறையாளர்களைக் கேட்டால், பாதிக்கும் மேலான விடைகள் அந்த எல்லைகளுக்கு வெளியே விழுந்தன. எல்லையை அவர்கள் அவ்வளவு குறுக்கியிருந்தார்கள். மூத்தவர் எண்ணைச் சொல்வதற்கு முன் குழுவில் ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டைத் தனியாக எழுதித் தர வேண்டும் என்ற நடைமுறை இன்று பல இடங்களில் வந்திருப்பது இதையெல்லாம் கற்றதனால்தான். பிலிப்ஸும் கெல்வினும் சொன்ன எண்ணைக் கேட்காமல் அன்று பத்துப் பேர் கணக்கிட்டிருந்தால், விடைகள் எவ்வளவு சிதறியிருக்கும் என்றாவது தெரிந்திருக்கும்.

களக் குறிப்பேட்டிலும் வரைபடத்திலும் இதற்கான ஒழுங்கு நெடுநாளாகவே உண்டு. கண்டதை ஒரு பக்கம், கருதியதை மறுபக்கம் எழுதுவது முதல் பாடம். நிலவியல் வரைபடத்தில் இரண்டு பாறைகளின் எல்லையைக் கண்ணால் கண்டு நடந்து தொட்ட இடத்தில் முழுக்கோடு போடுவார்கள். ஏறக்குறைய இங்கே இருக்கலாம் என்று ஊகித்த இடத்தில் விட்டுவிட்டுக் கோடு. மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் என்று கருதும் இடத்தில் புள்ளிகள். அச்சான வண்ண வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிறங்கள்தான் தெரியும். அதை வைத்துக் கிணறு தோண்டப் போகிறவரும், பாலத்துக்கு அடித்தளம் பார்க்கிறவரும், கல்குவாரிக்கு உரிமம் கேட்பவரும் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் இடத்துக்குப் பக்கத்தில் ஓடும் கோடு இந்த மூன்றில் எது என்பதை.